ஒரே தாளை மூன்று தூரத்தில் நின்று படிப்பது

பொங்கலுக்குத் துணி எடுத்தபோது ஒரு ஜவுளிக்கடையில் பையோடு சேர்த்து ஒரு தினசரி காலண்டரைக் கொடுத்தார்கள். பார்வைக்கு மிக அழகாக இருந்தது. சந்தன நிறத் தாளில், நூல்போல மெலிந்த சாம்பல் நிற எண், அதன் கீழே ஆங்கிலத்தில் மாதத்தின் பெயர், மற்ற இடமெல்லாம் வெறுமை. கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் பளிச்சென்று அழுத்தமான நிறத்தில் இருந்தன. பழைய காலண்டரைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் இதை மாட்டினேன். மறுநாள் காலையிலிருந்து அம்மா, "இன்னைக்கு என்ன தேதிப்பா?" என்று கேட்கத் தொடங்கினார். ஒரு வாரம் பதில் சொன்ன பிறகுதான், இத்தனை ஆண்டுகளில் அவர் இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்டதே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

பத்தாவது நாள் கடைத்தெருவுக்குப் போய், முருகன் படம் போட்ட அட்டையில் தைத்த வழக்கமான காலண்டர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினேன். கேள்வி நின்றது. அதன் பிறகு அந்தத் தாளைச் சற்று நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன். நம்மில் பலர் 'நெருக்கியடித்த அச்சு' என்று ஒதுக்கிவிடும் அந்தத் தாள், உண்மையில் மிகத் தேர்ந்த வடிவமைப்பு என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது.

கூடத்தின் மறுகோடியில் கட்டிலில் படுத்திருப்பவருக்குத் தேதியின் எண் தெரிகிறது. அது சிவப்பாக இருந்தால் விடுமுறை என்பதும் தெரிகிறது. நான்கடி தூரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே பார்ப்பவருக்குக் கிழமையும் தமிழ்த் தேதியும் கிடைக்கின்றன. முழுக் கருப்பு வட்டம் அமாவாசை, வெற்று வட்டம் பௌர்ணமி என்பதால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூக்கு உரசுமளவு கிட்டே போனால்தான் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா என்பதெல்லாம் புலப்படும். அவையெல்லாம் தேவைப்படுகிறவர் எப்படியும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே வரத்தான் போகிறார். பல காலண்டர்களில் ஹிஜ்ரி தேதியும் ஒரு மூலையில் இருக்கும். யாருக்கு எது எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அல்லது வாங்கியவர்கள் வருடாவருடம் சொன்ன குறைகளே இந்த வடிவத்தைச் செதுக்கியிருக்கின்றன. இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ராகு காலத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால், அது அந்தந்தக் கிழமைக்கு வாரந்தோறும் மாறாத ஒன்று என்பதும், 'திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்ற வாசகத்தின் முதலெழுத்துகளைப் பிடித்துக்கொண்டு, திங்கள் ஏழரையில் தொடங்கிச் சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று ஒவ்வொன்றாக ஒன்றரை மணி நேரம் தள்ளிக்கொண்டே போகலாம் என்பதும் பள்ளி நாள்களிலேயே மனப்பாடம். எல்லாருக்கும் தெரிந்த அதையே வாரந்தோறும் திரும்பத் திரும்ப அச்சிடுகிறார்களே என்று முன்பு சலித்துக்கொண்டதுண்டு. கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள் நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கும்போது விரல்விட்டுக் கணக்குப் போட முடியாது என்பதை ஒரு முறை நேரில் பார்த்த பிறகு அந்தச் சலிப்பு போய்விட்டது.

ராசிபலனைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். பன்னிரண்டு ராசிக்கும் பன்னிரண்டே சொற்கள்: வரவு, செலவு, சுகம், பகை, மறதி, கீர்த்தி என்று போகும். இவ்வளவு சிக்கனமான உரைநடையை நான் வேறெங்கும் கண்டதில்லை. என் ராசிக்கு மட்டும் வாரத்தில் மூன்று நாள் 'அலைச்சல்' என்று போடுகிற அந்த முகம் தெரியாத எழுத்தாளர்மீது சிறிய வருத்தம் உண்டு.

இந்தக் காலண்டர்களில் பெரும்பாலானவை சிவகாசியிலிருந்து வருபவை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டி என்றால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகத்துக்கு அந்த ஊரின் வறண்ட காற்றும் ஒத்துழைத்தது. அட்டையிலுள்ள சாமி படங்களுக்கு ஒரு முகத்தைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு. அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த லட்சுமியையும் முருகனையும்தான் கண்ணை மூடினால் நம்மில் பாதிப் பேர் காண்கிறோம். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தைச் சிவகாசியில் வெளியிடுவது வழக்கம். அதாவது, ஆடித் தள்ளுபடிக்காக நாம் கடைகளில் முண்டியடித்துக்கொண்டிருக்கும் வேளையில், அடுத்த மார்கழியில் அதே கடைக்காரர் நமக்குக் கொடுக்கப்போகும் சாமியை அங்கே தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

கைப்பேசியில் தேதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது என்னுடைய கைப்பேசி. சுவரில் தொங்குவது வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் பொது. தாளைக் கிழிக்கும் உரிமை எங்கள் வீட்டில் முதலில் எழுபவருக்கு உரியது. நாளைய தாளை இன்றே கிழிப்பது மட்டும் யாருக்கும் அனுமதியில்லை. நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், பூட்டைத் திறந்ததும் கூடம் இன்னும் புறப்பட்ட நாளிலேயே நின்றுகொண்டிருக்கும். வருடம் எவ்வளவு மிச்சம் என்பதைத் தாள்கட்டை விரலால் அழுத்தியே அறியலாம். மேலே தகரப் பட்டைக்கு அடியில் கிழிபடாமல் நின்றுபோன சிறு ஓரங்கள், கார்த்திகைக்குள் ஒரு தூரிகைபோல அடர்ந்துவிடும். கிழித்த தாளில் திருநீறு மடிக்கலாம், பல்லியைப் பிடித்து வெளியே விடலாம், மளிகைக் கணக்குப் போடலாம். ஆண்டு முடிந்த பிறகும் சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராமல் கோயில் அரசமரத்தடியில் சாய்த்துவிட்டு வருகிறோம்.

ஜவுளிக்கடைக் காலண்டரை வடிவமைத்தவர்மீது எனக்குக் கோபமில்லை. வெறுமையும் மெலிந்த எழுத்தும் புத்தக அட்டைக்கோ அழைப்பிதழுக்கோ பொருந்தலாம். அவற்றை நாம் கையில் வைத்துப் பார்க்கிறோம். இது ஆணியில் தொங்கும் பொருள். எழுபது வயதைக் கடந்த ஒருவர் பதினைந்தடி தள்ளியிருந்து, விடிவிளக்கின் வெளிச்சத்தில் பார்க்கும் பொருள். அதை வரைந்தவர் தன் கணினித் திரையிலிருந்து எழுந்து ஐந்து அடி பின்னால் போய் ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

அந்தக் காலண்டரை அம்மா தூக்கி எறியவில்லை. தாள் தடிமனானது, பின்பக்கம் முழுக்க வெறுமை, பேனா நன்றாக ஓடுகிறது. இப்போது அது அடுக்களை அலமாரியில், பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நேற்று அதில் கிழித்த நவம்பர் மாதத் தாளில்தான் நான் வாங்கி வர வேண்டிய சாமான்களை எழுதிக் கொடுத்தார்.