கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்

வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அறிவியலும் பொறியியலும் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, மாணவர் கையிலிருக்கும் ஒயரை "இங்க குடு" என்று வாங்கித் தானே செருகிவிடுவது. விளக்கு எரியும், கைதட்டல் கிடைக்கும், போட்டோவும் நன்றாக வரும். அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: இதெல்லாம் தெரிஞ்சவங்க வேலை.

வீட்டில் பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டுத் திட்டு வாங்கிய பிள்ளைகள் பாதி பொறியியலை அங்கேயே கற்றுவிடுகிறார்கள். உடைந்தால் யார் காசு கொடுப்பது என்ற பயத்தோடு வளர்கிற பிள்ளைக்கு அந்த வாய்ப்பே இல்லை. நாம் ஈடுகட்ட வேண்டியது இதைத்தான். "இதுல கொஞ்சம் கெட்டுப்போகும்னு தெரிஞ்சுதான் கொண்டுவந்திருக்கோம்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கொண்டுபோகும் கணக்கும் அதற்கேற்றபடி இருக்கட்டும். 20 பேர் என்றால் இரண்டு பேருக்கு ஒரு செட் வீதம் 10, கையிருப்பாக இன்னும் 2. செட்டுக்கு ஒரு பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயரைச் செருகும் துளைப் பலகை), கிளிப்போடு ஒரு 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஐந்து, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் 470 ஓம் ரெசிஸ்டர் மூன்று, ஒயர் பத்து. நாலு பேருக்கு ஒரு செட் கொடுத்தால் ஒருவர் செய்வார், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பேரிலும் பாதி நேரத்தில் கை மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கடைசி வரை நோட்டு எழுதுகிறவராகவே இருந்துவிடுவார். அது யாராக இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

எல்.இ.டி. எரியவில்லையா? உங்கள் கை பின்னால் இருக்கட்டும், கேள்வி மட்டும் போதும். எல்.இ.டி.யின் நீளக் கால் பேட்டரியின் எந்தப் பக்கம் பார்க்கிறது (பிளஸ் பக்கம் பார்க்க வேண்டும்)? இரண்டு காலும், உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும் ஒரே ஐந்து துளை வரிசையில் உட்கார்ந்திருக்கின்றனவா? சில பிரெட்போர்டுகளில் ஓரத்து மின்கோடு நடுவில் துண்டாகியிருக்கும், வெளியே தெரியாது. எரிந்தும் மங்கலாக இருந்தால் ரெசிஸ்டரின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் 470 ஓம். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47,000 ஓம். வெளிச்சம் குறைந்த வகுப்பறையில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்தத் தேடல் இருபது நிமிடம் தின்றாலும் விடுங்கள். பாடமே அதுதான்.

கணக்கில் இடறுகிற இடம் வேறு. 9 வோல்ட்டில் எல்.இ.டி. ஏறக்குறைய 2 எடுத்துக்கொள்ளும், மீதி 7 ரெசிஸ்டருக்கு. மின்னோட்டம் 15 மில்லிஆம்பியர் வேண்டும். மாணவர் 7-ஐ 15-ஆல் வகுத்து 0.47 ஓம் என்று எழுதுவார். உடனே ஓமின் விதியை (வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம்) மறுபடி முதலிலிருந்து விளக்க ஆரம்பித்துவிடுகிறோம். விதி அவருக்குப் புரிந்துதான் இருக்கிறது, "மில்லி"தான் புரியவில்லை. ஸ்கேலை எடுத்து மில்லிமீட்டரையும் மீட்டரையும் காட்டி, 15-ஐ 0.015 என்று எழுதச் செய்தால் 467 வந்துவிடும். கடையில் கிடைப்பதில் அதற்குப் பக்கத்தில் இருப்பது 470. பின்னமும் தசமமும் தடுமாறுகிறவருக்கு மின்னியலைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு வாரம் அதையே பாருங்கள், அவமானம் ஒன்றுமில்லை.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். உலகம் முழுக்க அதற்கு ஒரே பதில்தான். ஒரே ரெசிஸ்டரோடு இரண்டாவது எல்.இ.டி.யைத் தொடரில் சேர்த்தால் வெளிச்சம் என்ன ஆகும், எத்தனை சேர்த்தால் அணையும் என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், பிறகு செய்து பார்க்கட்டும். மூன்றில் மங்கும், ஐந்தாவதில் ஏறக்குறைய அணைந்துவிடும். தன் ஊகம் பொய்த்த மாணவர் கேட்கிற கேள்வியிலிருந்து அடுத்த வாரத்துப் பாடம் கிடைக்கும்.

ஆர்டுயினோ போர்டுகளை (கணினியிலிருந்து நிரல் ஏற்றி இயக்கும் சின்ன மின்னணுப் பலகைகளை) வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போன் சார்ஜரோடு வருகிற சில யு.எஸ்.பி. கேபிள்களில் தரவு போகும் கம்பியே இருக்காது; போர்டில் விளக்கு எரியும், நிரல் ஏறாது. பள்ளிக் கணினியில் மென்பொருள் நிறுவ நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும், அது யாருக்கும் நினைவிருக்காது. இரண்டையும் முதல் நாளுக்கு முன்பே ஒருமுறை போய்ச் சோதித்துவிடுங்கள். இணையம் சரியில்லாத இடம் என்றால், கணினித் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) மாதிரிகள் இலவசம். தரவிறக்கிக் கொண்டுபோனால் இணையமில்லாமலே ஓடும்.

ஒருநாள் அறிவியல் விழாவைவிட, வாரம் ஒரு மணிநேரம் வீதம் பத்து வாரம் மேல். முடியாதென்றால் ஐந்து வாரம் என்று ஒத்துக்கொண்டு ஐந்தும் போங்கள். சொல்லாமல் நின்றுவிடுகிற பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். வகுப்பு நேரம் முழுக்க அவர்களுடைய ஆசிரியரும் அறையில் இருக்க வேண்டும். பாதுகாப்புக்கும் அது அவசியம், நீங்கள் போனபின் தொடரப்போகிறவரும் அவர்தான்.

கடைசி வாரம் சாமான் பெட்டியை ஆசிரியரிடமே விட்டுவிட்டு வாருங்கள். அதிலிருக்கும் மல்டிமீட்டரை (மின்னோட்டமும் மின்னழுத்தமும் அளக்கும் கருவி) மில்லிஆம்பியரில் வைத்தபடியே யாராவது பேட்டரியின் இரு முனையிலும் தொட்டால் உள்ளே ஃப்யூஸ் போய்விடும். அதன்பின் மின்னோட்டம் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும், மீட்டர் கெட்டுவிட்டதென்று அலமாரிக்குள் போய்விடும். அதே அளவு ஃப்யூஸ் நாலும், மூடியைக் கழற்றும் சின்ன ஸ்க்ரூடிரைவரும் பெட்டிக்குள் இருக்கட்டும். மாற்றுவது எப்படி என்பதை இரண்டு மாணவர்கள் உங்கள் கண்முன்னே ஒருமுறை செய்து பார்த்துவிடட்டும்.