திருகியை வைத்தவர் யார்?
சர்க்யூட் பிரேக்கரில், எப்போது மின்சாரத்தைத் துண்டிப்பது என்று தீர்மானிக்கும் எலக்ட்ரானிக் ட்ரிப் யூனிட் இருந்தாலே பழுதான கிளை இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும், எல்லாக் கிளைகளுக்கும் மின்சாரம் தரும் மெயின் பிரேக்கர் அசையாது என்கிறது இங்கே வந்த கட்டுரை. யூனிட் இருந்தால் மட்டும் போதாது. அதன் முகப்பில் இருக்கும் குட்டித் திருகிகளை யாராவது கணக்குப் பார்த்து வைத்திருக்க வேண்டும். நான் பராமரிப்பில் இருந்த நூற்பாலையில் ஓர் இரவு கம்ப்ரஸர் கேபிள் ஷார்ட் ஆனது. 250 ஆம்பியர் கிளை பிரேக்கரோடு 1600 ஆம்பியர் மெயினும் விழுந்து ஆலை முழுவதும் இருட்டு. அறுந்த இழைகளை ஒட்டி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. மெயினின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், குறுகிய கால தாமதம் (ஷார்ட் ஆனால் கிளை முதலில் விழட்டும் என்று மெயின் காத்திருக்கும் நேரம்) பூஜ்யத்தில், உடனடித் துண்டிப்பு (காத்திருக்காமல் விழச் செய்யும் மின்னோட்ட அளவு) மிகக் கீழ்ப் புள்ளியில். பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவர் தொடவே இல்லை! பஸ்பார் (பேனலுக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் உலோகப் பட்டை) எவ்வளவு தாங்கும் என்று சரிபார்த்துவிட்டுத் தாமதத்தை 0.3 நொடியாக்கி, உடனடி அளவையும் உயர்த்தினோம். பிறகு ஒரு மோட்டார் எரிந்தபோது அதன் கிளை மட்டுமே விழுந்தது. சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகட்டால் துண்டிக்கும் பழைய பைமெட்டல் வகையே போதும் என்று மேலே பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். மே மாத வெக்கையில் பேனல் அறை கொதிக்கும்போது, சுமை கூடாமலேயே அது விழுவதை அவர் பார்த்ததில்லை போலும். மின்னோட்டத்தை சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வழியே அளக்கும் யூனிட்டுக்கு அந்தச் சூடு அவ்வளவாக உறைக்காது.