விதைப் பொதி போதும், கிணற்றையும் வேலியையும் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

மரக்கறி விலை ஏறினால் எங்கட மட்டக்களப்புப் பக்கம் விதைப் பொதி வந்துவிடும். 2011இல் திவிநெகும என்ற அரசாங்க வாழ்வாதாரத் திட்டத்தின் பெயரில் வந்தது. 2022இல் எரிபொருள் இல்லாமல் லொறிகள் நின்றுபோனபோது, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவே கொடுத்தார்கள். பொதி கொடுக்கும் படங்கள் முகநூலில் நிறைய வந்தன. பிறகு அந்த வளவுகளில் என்ன காய்த்தது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா?

வீட்டுத்தோட்டம் கூடாது என்று சொல்லவில்லை. வளவும் கிணறும் உள்ளவர்கள் பொதி வராவிட்டாலும் முருங்கையும் வாழையும் வைப்பார்கள். இல்லாதவர்களின் கையில்தான் அந்தப் பொதி வீணாகிறது. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டங்களில் போய்ப் பாருங்கள். வாசலுக்கும் மதிலுக்கும் இடையில் சைக்கிள் நிறுத்தவே இடம் காணாது. வாவிக்கரையை அண்டிய கிணறுகளில் கோடையில் தண்ணீர் உவர்த்துப்போகும். இதையெல்லாம் தாண்டி ஒரு வெண்டிக் கன்று தலைகாட்டினால், இரவில் கட்டாக்காலி மாடு வந்து முடித்துவிடும். எங்கட ஒழுங்கையில் ஒரு அக்கா கேட்டது இதுதான்: "விதை தாறாங்க சரி. மாடு திண்டா ஆருகா பொறுப்பு?"

உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் தண்ணீரில் நெல் விளையும் மாவட்டம் இது. சோற்றுக்கு நாங்கள் பிறத்தியாரிடம் போகத் தேவையில்லை. ஆனால் சந்தை மரக்கறியில் பெரும்பங்கு தம்புள்ளை மொத்தச் சந்தையிலிருந்து லொறியில் வருகிறது. கரட்டும் லீக்ஸும் மலைநாட்டுச் சாமான், விடுவோம். கத்தரியும் பயற்றங்காயும் அடிபட்டு வதங்கி வருவானேன்? எங்கட மாவட்டத்துக் களுதாவளைக்காரர் கடற்கரை மணலிலேயே தோட்டம் செய்து காட்டுகிறார்கள். மண் சரியில்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல ஏலாது.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 1.6 கிலோ. கூலிவேலைக்குப் போகிற வீட்டில் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே கோப்பை நிறையச் சோறு, பருப்பு, ஒரு துண்டுக் கருவாடு, அருமையாக ஒரு நாள் கீரைச் சுண்டல். சீனி வருத்தக்காரருக்கு கிளினிக்கில் "சோத்தைக் குறைங்க, மரக்கறியைக் கூட்டுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். எதை வைத்துக் கூட்டுவது?

என் யோசனை கோயில் வளவில் பொதுத்தோட்டம். (திட்டுபவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டவும்.) எங்கட ஊர்க் கோயில்கள் பலவற்றில் மதில் இருக்கிறது, கிணறு இருக்கிறது, கூட்டம் கூடிக் கணக்குப் பார்க்க நிருவாக சபை இருக்கிறது. பொதுத்தோட்டத்துக்கு ஆகும் பெரிய செலவே கிணறும் வேலியும்தான். அது அங்கே ஏற்கெனவே முடிந்துவிட்டது. கண்ணகி அம்மனின் வைகாசிச் சடங்குக்கும் திருவிழாவுக்கும் அன்னதானம் என்று மரக்கறி மூட்டை மூட்டையாக இறக்குகிறோம். அதில் கொஞ்சத்தையாவது அந்த வளவிலேயே விளைவிக்கலாம். மிச்ச நாட்களில் வளவில்லாத குடும்பங்கள் ஆளுக்கொரு பாத்தி பிடித்துச் செய்யட்டும். பள்ளிவாசல், தேவாலயக் காணிகளுக்கும் இதே கதைதான். வாசலில் புது வளைவு கட்டச் சேர்க்கிற காசில் ஒரு சிறு பங்கு தண்ணீர் மோட்டருக்கும் குழாய்க்கும் போதும்.

பள்ளிக்கூடத் தோட்டத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நல்ல விசயம்தான், ஆனால் ஆகஸ்ட் விடுமுறையில் அது செத்துவிடுகிறது. மட்டக்களப்பில் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டிய காலத்தில் கேட் பூட்டியிருக்கும். திறப்பை மாதர் சங்கத்திடம் கொடுத்து, விளைச்சலில் பாதியைப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கும் பாதியைத் தண்ணீர் ஊற்றினவர்களுக்கும் என்று எழுதிவைத்தால் ஓடும். எழுதிவைக்காவிட்டால் முதல் கத்தரி காய்க்கும்போதே சண்டை வரும். பொதுத்தோட்டம் பூச்சியால் அழிவதைவிடக் "காய் ஆருக்கு" என்ற கேள்வியால் அழிவதுதான் கூட.

பசளை விசயத்திலும் ஒன்று. 2021இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையைத் தடைசெய்து, பிறகு அந்த வருசமே தடையை எடுத்தார்கள். அதிலிருந்து சேதனப் பசளை என்றாலே வயல்காரருக்கு ஆத்திரம். நியாயமான ஆத்திரம். ஆனால் பத்துப் பாத்திக் கீரைக்கு மாட்டெருவும் குப்பை எருவும் தாராளமாய்ப் போதும். கட்டாக்காலி மாடுகள் அந்த வகையிலாவது ஊருக்கு உதவட்டும்.

மாரி வெள்ளத்தில் பாத்தி நிற்காது. தை மாதம் மழை விட்டதும் நாற்றுப் போட்டால் பங்குனி, சித்திரையில் பிடுங்கலாம். வைகாசிச் சடங்குக்கும் காய் இருக்கும். அப்படியென்றால் நிருவாக சபைகளோடு கார்த்திகைக்குள் பேசி முடிக்க வேண்டும். எங்கட ஊர்க் கூட்டத்தில் நான் கேட்கப்போவது மூன்று: கிணற்றுக்குப் பக்கத்து நிலத்தில் ஒரு துண்டு, படலைத் திறப்பு இரண்டு பெண்களின் கையில், எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு கணக்குக் கொப்பி. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் யாராவது இப்படிச் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், முக்கியமாக யானைக்கு என்ன செய்தீர்கள் என்று.