ஏழைக்காக உருகும் சிகரெட்காரர்கள்

பீடிக்கும் வரி ஏற்றணும் என்று நான் சொன்னதற்கு சனிக்கிழமை நடந்த சண்டையை மறுபடி எழுதப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். "பீடிக்கும் வரி ஏத்தணும்ங்கிறியே, ஏழை வயித்துல அடிக்கலாமா?" என்று கேட்ட நண்பருக்கு மட்டும் பதில். கேட்கும்போது அவர் விரலிடுக்கில் புகைந்தது கிங்ஸ் சிகரெட், பீடி அல்ல.

நான் சொன்னது ஒன்றுதான். ஏற்றினால் எல்லாப் புகையிலைக்கும் ஏற்றுங்கள். 2026 பிப்ரவரி முதல் சிகரெட்டுக்கு 40% ஜிஎஸ்டி, அதற்கு மேல் நீளத்தைப் பார்த்துக் கலால் வரி. பீடிக்கு? 28 சதவீதத்தை 18 ஆக்கிவிட்டார்கள். பீடி இலைக்கு 18லிருந்து 5. நாட்டில் சிகரெட்டை விட பீடி பிடிப்பவர்கள்தான் அதிகம். சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீடி அந்தப் பக்கமே போனதில்லை. பீடி பிடித்தால் புற்றுநோயும் தள்ளுபடியிலா வருகிறது?

விலை ஏறினால் விட்டுவிடுவார்களா என்கிறீர்கள். எங்கள் சித்தப்பா விட்டார், சிகரெட்டை. வீடே சந்தோஷப்பட்டது. அப்புறம்தான் தெரிந்தது, பீடிக்கு மாறியிருக்கிறார். அதனால்தான் சொல்கிறேன், எல்லாவற்றுக்கும் ஏற்றுங்கள்.

கள்ளச் சிகரெட் பெருகுமாம். பெருகட்டும், பிடிக்கத்தானே சுங்கத்துறை இருக்கிறது. டாஸ்மாக்கை முதலில் மூடச் சொல் என்பவர்களுக்கு: அது தனிப் பதிவு, அதற்கும் வந்து சண்டை போடுங்கள்.

"பீடி சுற்றுகிற பெண்கள் பிழைப்பு என்னாகும்?" இதைப் போயும் போயும் என்னிடம் கேட்கிறார்கள். முக்கூடல் பக்கம் பீடித் தட்டை மடியில் வைத்து வளர்த்த அம்மாவின் பிள்ளை நான். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ராத்திரியெல்லாம் அந்த நெடியில் இருமல். இலை மோசமாக வந்தால் கைக்காசு போட்டு வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால், தொளதொளவென்று இருக்கிறது என்று கொஞ்சத்தைக் கழிப்பார்கள். கழித்த பீடி திரும்பி வராது, அதற்குக் கூலியும் கிடையாது. அப்போதும் பீடிக்கு வரி குறைவுதானே? அந்தச் சலுகையில் அம்மா கைக்கு என்ன வந்தது? மாற்று வேலை கொடு, பென்ஷனை ஏற்று என்று கேளுங்கள், நானும் வருகிறேன். அதைக் கேட்க ஆளில்லை. வரி என்றதும்தான் எல்லோருக்கும் என் அம்மா ஞாபகம் வருகிறது.

"உனக்கு வசதி வந்துடுச்சு, பேசுற" என்றும் ஒரு குரல். சரி, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பிஎஃப் பணத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபோது உங்களில் ஒருத்தராவது கூட வந்து நின்றீர்களா?