இது கணக்கில வராத கப்பாம்!

காலையில் கோப்பியை இன்னும் வாயில் வைக்கவில்லை, போன் டிங் என்றது. மச்சான். "பாத்தனீங்களே அத்தான், வெண்டவங்களே பானர் தொங்கவிடேல்லையாம். நான் அப்பவே சொன்னனான்." கூடவே சிரிக்கிற மஞ்சள் முகம் ஆறு. ஆறு! எண்ணினேன். வெண்டவங்கள் என்றால் நியூயோர்க் நிக்ஸ். வென்றது 2025 என்பிஏ கப், வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக் சீசன் நடுவில் வைக்கிற போட்டி. பானர் என்றால் வெற்றியைக் காட்ட அரங்கக் கூரையில் தொங்கவிடுகிற கொடி.

அப்பவே சொன்னானாம். எந்த அப்ப?

நவம்பர் முழுக்க இவன் சொன்னது வேறு. அட்லாண்டா, கிளீவ்லாந்து, வாஷிங்டன், இந்தியானா என்று குழுவில் இருந்த நாலு பேரையும் எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் அடித்து 4க்கு 4 எடுத்தபோது, இந்தியானாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் இங்கிராம் போட்ட பந்துக்கு இவன் போட்ட கூச்சலில் அவன் வீட்டுக் கைக்குழந்தை எழும்பி, பிறகு விடியும்வரை படுக்கவில்லை. அன்றைக்கு அவன் வாயில் என்பிஏ கப் என்றால் ஒலிம்பிக் தங்கம். "2019க்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வாற முதல் கப் அத்தான், எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ" என்றான். எழுதி வைத்திருக்க வேண்டும். தேதி போட்டு, கையெழுத்தும் வாங்கியிருக்க வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. காலிறுதி, அதுவும் நம்முடைய ஊரில், நிக்ஸுக்கு எதிராக. எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் பார்ப்பது என்று முடிவாகி, தம்பி வருகிறான் என்று அக்காக்காரி நாற்பது மட்டன் ரோல்ஸ் சுட்டு வைத்தாள். எனக்காக இந்த வீட்டில் நாற்பது எதுவும் சுடப்பட்டதில்லை, அது வேறு கதை. ஜேர்சி போட்டுக்கொண்டு வந்தான். முதல் குவாட்டர் முழுக்க இருக்கவே இல்லை, டிவிக்கும் எனக்கும் நடுவில் நின்றான். அவனுடைய முதுகில் இருந்த இலக்கத்தைத்தான் நான் அதிகம் பார்த்தேன். "இருந்து பாரன்" என்றால், "இதெல்லாம் இருந்து பாக்கிற மட்சே அத்தான்?" என்று திருப்பிக் கேட்டான். இந்த வசனத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நிக்ஸின் பிரன்சன் தொடங்கினான். நம்முடைய வளவுக்குள் வந்து நின்று 35 புள்ளி. வித்தியாசம் ஏற ஏற மச்சானின் சத்தம் இறங்கியது. நடுவில் ஒரு ரோல்ஸ், பிறகு இன்னொன்று, பிறகு சோபாவில் சாய்வு. மூன்றாவது குவாட்டரின் நடுவில் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்: எழுந்து ஜேர்சியைக் கழற்றினான். உண்மையாகவே கழற்றினான். நாலாக மடித்து சோபாவின் கையில் வைத்துவிட்டு, ஒரு பெரிய மனிதத் தோரணையோடு சொன்னான்: "எனக்கு உதில பெரிய இன்ட்ரஸ்ட் இல்லை அத்தான். உது கணக்கில வராத மட்ச்."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்!

கணக்கில் வரும் என்றேன். வராது என்றான். பேப்பர் டவல் ஒன்றைக் கிழித்துப் பேனையால் எழுதிக் காட்டினேன். இந்தா பார், ஒவ்வொரு அணிக்கும் சீசனில் 82 ஆட்டம். குழு ஆட்டம் நாலும் அந்த 82க்குள். காலிறுதி 82க்குள். அரையிறுதியும் 82க்குள். லாஸ் வேகாஸில் நடக்கிற இறுதி ஆட்டம் ஒன்றுதான் வெளியே, 83வதாக. ஆக இப்போது நீ பார்த்துக்கொண்டிருக்கிற இந்தத் தோல்வி ஏப்ரலில், சம்பியன்ஷிப்புக்கான பிளேஓப் பட்டியலில் உன்னைத் தேடி வரும். எல்லாவற்றையும் கேட்டான், பொறுமையாகத் தலையாட்டினான், பேப்பர் டவலை வாங்கி ரோல்ஸ் எண்ணெய்க் கையைத் துடைத்தான், பிறகு கேட்டான்: "அப்ப ஏன் தரைக்கு இப்பிடிப் பெயின்ற் அடிச்சிருக்கிறாங்கள்?"

கப் ஆட்டத்துக்கென்று தனியாக நிறம் பூசின தரை போடுகிறார்கள், அதைத்தான் சொன்னான். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் கால் மணித்தியாலம் பதில் சொன்னேன். ஆட்டம் 117-101 என்று முடிந்ததைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. கடைசியில் அக்காக்காரி மேலிருந்து இறங்கி வந்து, "பிள்ளை தோத்த கவலையில இருக்கிறான், அவனோட ஏன் கத்துறீங்கள்?" என்றாள். பிள்ளைக்கு வயது முப்பத்தெட்டு.

இவன் ஒருவன் என்றால் மன்னித்துவிடலாம். இந்தப் போட்டி 2023இல் தொடங்கிய நாளிலிருந்து எல்லா ஊர் ரசிகர்களும் இதே நாடகத்தைத்தான் போடுகிறார்கள். லேக்கர்ஸ் முதல் கப்பை வென்று பானர் தொங்கவிட்டபோது, "பதினேழு சம்பியன்ஷிப் வைச்சிருக்கிற வீட்டில இதையும் தொங்கவிடுறாங்களே, வெக்கமில்லையோ" என்று சிரித்தார்கள். இப்போது நிக்ஸ் வென்றுவிட்டுத் தொங்கவிட மாட்டோம் என்றால், "பாத்தியே, அவங்களுக்கே மதிப்பில்லை" என்கிறார்கள். தொங்கவிட்டாலும் குற்றம், விடாவிட்டாலும் குற்றம். 1973க்குப் பிறகு அதுவரை ஒரு சம்பியன்ஷிப் இல்லாத வீட்டில், கிடைத்ததைத் தொங்கவிட்டால்தான் என்ன என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அது அவர்கள் வீட்டுக் கூரை.

குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தரை வழுக்குகிறது என்பது உண்மை. 2023இல் நம்முடைய ஊர்த் தரையில்தான் பொஸ்ரனின் ஜேலன் பிரவுன் வழுக்கி, நல்லாகத் திட்டிவிட்டுப் போனார். இந்த வருடமும் லேக்கர்ஸ் தங்களுடைய கப் தரையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு டாலஸுடன் பழைய தரையில் ஆடினார்கள். மூன்றாம் வருடமாக ஒரு தரையை வழுக்காமல் செய்ய முடியவில்லை, எங்கள் வீட்டு டிரைவ்வேயில் உப்புப் போடுகிற பெடியனைக் கூப்பிட்டிருக்கலாம்.

வெற்றிகள் சமமானால் புள்ளி வித்தியாசத்தைப் பார்க்கிற ஒரு கூத்து இருக்கிறதே, அதற்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அந்த முதல் வருடம் பொஸ்ரன் காலிறுதிக்குப் போக வேண்டும் என்பதற்காக, ஏற்கெனவே படுத்துவிட்ட சிகாகோவில் ஃப்ரீ த்ரோவைத் தவறவிடுகிற டிரமண்டை வேண்டுமென்றே பிடித்துப் பிடித்து ஃபவுல் செய்து 27 புள்ளியில் வென்றார்கள். ஆட்டம் முடிந்து பொஸ்ரன் பயிற்சியாளர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாகிவிட்டது. விழுந்தவனை மிதித்துவிட்டு அவன் சட்டையைத் தட்டிவிடுகிற மாதிரி.

அப்புறம் எனக்கே எனக்கென்று ஒரு குமுறல் இருக்கிறது, அதை ஒருவரும் பேச மாட்டார்கள். இறுதி ஆட்டத்தில் எடுக்கிற புள்ளி எந்தக் கணக்கிலும் சேராது. 2023 இறுதியில் லேக்கர்ஸின் அந்தனி டேவிஸ் 41 புள்ளி, 20 ரீபவுண்ட். 2024 இறுதியில் மில்வாக்கியின் யானிஸ் 26 புள்ளி, 19 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். ஒரு மனிதன் அப்படி ஆடியிருக்கிறான், ஆனால் அவனுடைய சீசன் கணக்கில் அந்த இரவே இல்லை. பிள்ளை பிறந்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறும் போட்டுவிட்டு, பிறப்புச் சான்றிதழ் மட்டும் எடுக்காமல் விட்ட கதை. திட்டுவதென்றால் இதைத் திட்டுங்களேன், ஏன் தரையின் நிறத்தைத் திட்டுகிறீர்கள்?

சும்மா மட்ச் என்கிறவர்கள் இந்த அரையிறுதியைப் பார்த்தார்களா? ஓக்லஹோமா அதுவரைக்கும் 24 வெற்றி, 1 தோல்வி. ஊரையே மிரட்டிக்கொண்டிருந்த அணி. தங்கள் நட்சத்திரம் வெம்பன்யாமா காயத்திலிருந்து திரும்பி வந்த இரவில் சான் அன்டோனியோ அவர்களை 111-109 என்று கவிழ்த்தது. டிசம்பர் நடுப்பகுதியில், சாதாரணமாக நட்சத்திர வீரர் கோட் சூட்டோடு பெஞ்சில் இருந்து சூயிங்கம் மெல்லுகிற காலத்தில், இப்படி ஒரு ஆட்டம்! வென்ற அணியில் ஆளுக்கு 5 லட்சம் டாலருக்கும் மேல். பிரன்சனுக்கு அது பெரிய காசு இல்லைதான். பெஞ்சின் அந்தலையில் இருக்கிற பெடியனைப் போய்க் கேளுங்கள், கணக்கில் வருமா வராதா என்று.

சரி, மச்சானுக்கு வருவோம். கழற்றின ஜேர்சியோடு போனவன் ஒரு கிழமை வாய் திறக்கவில்லை. 16ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் நிக்ஸ் 124-113 என்று சான் அன்டோனியோவை வென்றது. இன்ட்ரஸ்ட் இல்லாத மனிதன் அல்லவா, படுத்திருப்பான் என்று நினைத்தேன். நள்ளிரவு நெருங்கும்போது போன் டிங்: "அப்ப நாங்கள் சம்பியனிட்டத்தான் தோத்திருக்கிறம் அத்தான். அவங்களைத் தவிர வேற ஆர் வந்திருந்தாலும் வெண்டிருப்பம். ஒரு கணக்குக்கு நாங்கள் ரெண்டாவது."

ஒரு கணக்குக்கு! எந்தக் கணக்குக்கு? கணக்கில் வராத கப்பில் எங்கிருந்தடா உனக்கு ரெண்டாவது இடம் வந்தது? காலிறுதியில் தோற்ற மற்ற மூன்று அணி இருக்கிறது. இறுதியில் தோற்ற சான் அன்டோனியோ இருக்கிறது. அவர்களையெல்லாம் எங்கே வைப்பாய், உன்னுடைய கராஜிலா? நான் பதில் எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தேன், அக்காக்காரி பக்கத்தில் படுத்திருந்தாள்.

இப்போது பானர் செய்தி வந்ததும் திரும்பவும் "நான் அப்பவே சொன்னனான்". ராப்டர்ஸ் வெல்லும்போது தங்கம், தோற்கும்போது தகரம், அடித்தவன் வென்றால் நமக்கும் பாதித் தங்கம், அவன் பானர் தொங்கவிடாவிட்டால் மறுபடி தகரம். இந்த உலோகமாற்றம் சித்தர்களுக்கே கைவரவில்லை, ஸ்காபரோவில் ஒருவன் பத்து நாளில் செய்து காட்டிவிட்டான்.

கோபமாக ஒரு நீண்ட பதில் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனே அடுத்ததை அனுப்பிவிட்டான்: "அடுத்த வருசம் அரையிறுதியும் சொந்த ஊரிலதானாம். ரிக்கற் எடுப்பமே அத்தான்?"

சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

ஆனால் ஒன்று மட்டும் கேட்டு எழுதினேன். அன்றிரவு மிச்சம் இருந்த பதினேழு ரோல்ஸையும் ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டுக் கொண்டுபோனாயே, நாலு பக்கமும் கிளிப் வைத்த மூடியோடு, அது எங்கே? ஒரு கிழமையாக அக்காக்காரி அதை என்னிடம்தான் கேட்கிறாள், நான்தான் வேலைக்குக் கொண்டுபோய்த் தொலைத்தேனாம். நீல டிக் இரண்டும் விழுந்திருக்கிறது. பதில் இல்லை.