ஸாஓ த சகஸானை விட்டுவிட்டீர்களே!

பிரெஞ்சுப் பாடகிகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை, பழைய தலைமுறைப் பாடகிகளான எடித் பியாஃபில் தொடங்கி பிரான்சுவாஸ் ஆர்தியோடு நின்றுவிட்டது. இருவரும் மகத்தான குரல்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் பிரெஞ்சு மொழியில் இன்று பாடிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு ஒரு பத்திகூட இல்லாதது எனக்கு வருத்தம்.

முதலில் கேட்க வேண்டியவர் ஸாஓ த சகஸான். பிரான்சின் சேன்-நசேர் என்ற துறைமுக நகரத்தைச் சேர்ந்தவர். கனத்த, ஆழமான குரல். ஷான்சோன் எனப்படும் பிரெஞ்சுப் பாடல் மரபின் பழைய பாடகர்களைப் போல ஒவ்வொரு சொல்லையும் அழுத்திப் பாடுவார். பின்னாலோ சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி அதிர்ந்துகொண்டிருக்கும். இந்த இரண்டும் ஒட்டவே ஒட்டாது என்றுதான் தோன்றும். 2023இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள், ஒட்டுகிறது! 2024இல் பிரான்சின் விக்துவார் இசை விருதுகளில் நான்கை வென்றார். அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் பாடினார்.

பிரான்சோடு நின்றுவிடவும் கூடாது. பெல்ஜியத்தின் ஆன்ஷெல் துள்ளலான மெட்டில், பெண்களை இழிவாகப் பேசுவோரை நேருக்கு நேர் சாடுகிறார். பிரான்சிலேயே இன்னொரு பாடகியான பொம், தனிமையையும் பயத்தையும் மிக மெல்லிய குரலில் பாடுகிறார். அவரை இரவில் கேளுங்கள்.

இத்தனை புதுக்குரல்கள் எழுவதில் சட்டத்துக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். 1994இல் இயற்றப்பட்ட விதிப்படி, பிரெஞ்சு வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் பொதுவாகக் குறைந்தது 40 விழுக்காடு பிரெஞ்சில் இருக்க வேண்டும். அதில் பாதி புதியவர்களுக்கோ புதிய பாடல்களுக்கோ உரியது. கட்டுரையின் அடுத்த பகுதியில் ஆசிரியர் இதையும் எழுத வேண்டும்.