ஆற்றுமணலையும் மாதிரியில் சேர்க்க வேண்டும்

ஐஸ் குச்சிகளால் பாலம் கட்டவைத்துப் பிள்ளைகளுக்குப் பொறியியலை அறிமுகப்படுத்தலாம் என்ற கட்டுரையின் கருத்தை, திருவையாற்றுப் பகுதியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றும் நான் முழு மனத்துடன் வரவேற்கிறேன். எங்கள் வகுப்பில் தென்னை ஈர்க்கும் நூலுமே போதுமானவையாக இருந்தன. நான்கு ஈர்க்குகளைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையில் அழுத்தினால் அது சரிந்துவிடுவதையும், குறுக்கே இன்னொன்றைக் கட்டி இரண்டு முக்கோணங்களாக்கியதும் அசையாமல் நிற்பதையும் தன் விரலால் உணர்ந்த பிள்ளைக்கு, இரும்புப் பாலங்களில் முக்கோணங்கள் ஏன் நிறைந்திருக்கின்றன என்பதைத் தனியே விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால், எடை ஏற்றிப் பார்ப்பதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. ஆற்றுப் படுகையில் வாழும் நமக்கு அது போதாது. திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்து விழுந்தபோது அதன்மேல் வண்டிகள் ஓடவில்லை; போக்குவரத்து முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. தூண்களின் அடியில் இருந்த மணலை வெள்ளம் அரித்துச் சென்றதுதான் அதைச் சாய்த்தது.

இதையும் வகுப்பிலேயே காட்டலாம். அகலமான தட்டில் மணலைப் பரப்பி, மரக்கட்டை ஒன்றைத் தூணாக ஊன்றி, ஒரு பக்கத்திலிருந்து சீராகத் தண்ணீர் விட்டால், கட்டையின் முன்புறம் நீர் சுழன்று பள்ளம் பறிப்பது சிறிது நேரத்திலேயே தெரியும். நீர் வரும் பக்கத்தைக் கூர்மையாகச் சீவிய கட்டையையும் அருகில் ஊன்றி, இரண்டு பள்ளங்களின் ஆழத்தையும் பிள்ளைகளே அளந்து ஒப்பிடட்டும்.